பளபளத்த தட்டும் பங்குனி வெயிலும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் வீட்டு மொட்டைமாடியில், சூரியனின் இரைச்சலைக் கேட்டுவிட்டு, ஏதோ தூரதேசத்து மனிதர் பேசுவதற்குமுன் தொண்டையைச் செருமிக்கொள்கிறார் என்று நம்பி, கூடியிருந்த உறவினர்களைக் கைதட்டச் சொன்னேன். அவர்களும் தட்டினார்கள். அடுத்த சில நிமிடங்களில் என் கருவியின் மூக்கு உருகிக் மாதாகோவில் மெழுகுவர்த்திபோலத் தொங்கிவிட்டது. ஐம்பதைத் தொடப்போகிறவன், கண்ணாடி போட்டவன், அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் செய்கிற காரியமா இது என்று கேட்டால், அப்படிப்பட்டவன்தான் இதைச் செய்ய முடியும் என்பதே என் பதில். படிக்காதவன் எவனும் ஒரு தட்டை அவ்வளவு துல்லியமாகச் சூரியனுக்கு நேராகத் திருப்பியிருக்க மாட்டான்.

என் தொழில், மோதிய லாரிகளைப் பார்வையிட்டுச் சேதத்தை மதிப்பிடுவது. திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் என்று சுற்றினால் ஒருவன் வாழ்நாள் முழுக்கப் பார்க்கும் அளவுக்கு லாரிகள் இருக்கின்றன. அவை மோதுவதிலும் குறையில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக ஓட்டுநர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டு வருகிறேன். "நான் ஒழுங்காத்தானுங்க போய்ட்டிருந்தேன், புளியமரம் குறுக்கால வந்துருச்சுங்க" என்று ஒருவர் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். நானும் முகத்தை அசைக்காமல், "எந்தப் பக்கமிருந்து வந்தது?" என்று கேட்டேன். மனிதர்கள் ஏன் இப்படி முட்டாள்தனமாக நடந்துகொள்கிறார்கள் என்று வியப்பதற்கு எனக்கு மாதச் சம்பளம் என்று சொல்லலாம். அந்த வியப்பு வீட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டதுதான் பிரச்சினை.

நாற்பதுக்குமேல் ஆண்களுக்கு ஏதாவது ஒன்று பிடிக்கும் என்பார்கள். சிலருக்குச் சர்க்கரை, சிலருக்குச் சபரிமலை. எனக்கு, வீட்டிலிருந்தே வானொலியில் ஊர் உலகத்தோடு பேசும் அமெச்சூர் ரேடியோ பிடித்தது. தேர்வெழுதி அரசு உரிமம் வாங்கினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் தேறிய ஒரே தேர்வு. கொஞ்ச நாள் சாதாரணமாக, கம்பியைக் கட்டி அக்கம்பக்கத்து மாவட்டங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு செயற்கைக்கோளைப் பற்றிப் படித்தேன். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், ஆப்பிரிக்காவுக்கு மேலே, நகராமல் நிற்கிற ஒரு தொலைக்காட்சிச் செயற்கைக்கோள். அதன் ஓரத்தில் எங்களைப் போன்ற வேலையில்லாதவர்களுக்கென்று சிறிய இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய பேருந்தில் பின்சீட்டுக்குக் கீழே கோழிக்கூடை வைத்துக்கொள்ள விடுவதுபோல. நம் ஊரிலிருந்து பேசினால் அது வாங்கித் திருப்பி அனுப்பும். கென்யாவில் கேட்கும், ஜெர்மனியில் கேட்கும், பிரேசிலின் ஓரத்தில்கூடக் கேட்கும். வேண்டியதெல்லாம் மேற்கே பார்த்து ஒரு தட்டு.

சின்னத் தட்டே போதும் என்றுதான் எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. ஆனால் சேலத்தில் ஒரு பழைய இரும்புக்கடையில் ஆறடி அலுமினியத் தட்டு ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. எப்போதோ மூடப்பட்ட கேபிள் டிவி நிலையத்திலிருந்து வந்ததாம். கடைக்காரர் பாய் என்னை நன்றாக அறிந்தவர். நொறுங்கிய லாரிகளின் மிச்சத்தை எடுத்துக்கொள்ள அவர்தான் வருவார்.

"இத எதுக்கு சார் கேக்குறீங்க? பிரியாணி ஆக்கவா?" என்றார்.

"செயற்கைக்கோளோட பேசப்போறேன் பாய்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, மகனைத் திரும்பிப் பார்த்து, "சாருக்கு டீ சொல்லுப்பா, வெயில்ல வந்திருக்காரு" என்றார்.

தட்டு வந்தது. நாங்கள் திருச்செங்கோட்டுக்கு வெளியே, தனி வீட்டில் இருக்கிறோம். லாரிப் பட்டறையில் சொல்லிக் கனமான இரும்புக் கால் செய்து, மாடியின் மேற்குப் பாதியில் நட்டேன். தட்டின் நடுவுக்கு முன்னால் மூன்று கம்பிகள் பிடித்திருக்கும் இடத்தில், எல்.என்.பி. என்கிற மூக்கு. வானத்திலிருந்து வரும் சிணுங்கலைத் தட்டு திரட்டி அந்த மூக்கில் குவிக்கும். மூக்கைச் சுற்றி, நாம் பேசுவதை மேலே அனுப்புவதற்கு ஒரு செம்புக் கம்பிச் சுருள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். தட்டு ஈரோட்டைப் பார்த்து நின்றதால், நான் ஜவுளிச் சந்தை நிலவரத்தைத் திருட்டுத்தனமாகக் கேட்கிறேன் என்று ஒரு பேச்சு எழுந்தது. நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதைவிட அது கௌரவமாக இருந்தது.

மூன்று மாதம் தட்டு நின்றது. நானும் அதன் அடியில் நின்றேன். நூல்முனை அளவு இப்படித் திருப்பு, அப்படித் தூக்கு. ஒன்றும் கேட்கவில்லை. மாசி மாதம் நடுவில் என் மனைவி மாடிக்கு வந்தாள். அவள் ஒவ்வொரு பங்குனியிலும் ஜவ்வரிசி வத்தல் ஊற்றுவாள். மல்லசமுத்திரத்திலிருந்து மேச்சேரி வரை, எங்கள் சொந்தபந்தத்தில் எந்த விசேஷ வீட்டிலும் இலையின் ஓரத்தில் அவள் வத்தல்தான் விழும். அதில் அவளுக்கு என் உரிமத்தைவிடப் பெரிய உரிமம் உண்டு.

"ஏனுங்க, பங்குனி பொறக்கப்போகுது. மாடில பாதிய இந்தக் கொடை புடிச்சு வெச்சிருக்குது. நா எங்கீங்க வத்தல் ஊத்தறது?"

"அது குடையில்ல, ஆண்டெனா."

"ஆண்டெனான்னா எதாச்சும் பேசோணுமில்லீங்க? மூணு மாசமா ஊமையாட்ட நிக்குது." கொஞ்சம் யோசித்து, நியாயமாக ஒரு வழி சொன்னாள். "நா வத்தல் ஊத்தறதுக்குள்ள, இதுல ஒரே ஒரு மனுசன் பேசறத என் காதுல கேக்க வெச்சுருங்க. இருந்துட்டுப் போவுட்டும். இல்லீன்னா பாயக் கூப்புட்டு எடைக்குப் போட்டுருவேன்."

தீர்ப்பு தெளிவாக இருந்தது. மேல்முறையீட்டுக்கு வேறு நீதிமன்றம் எங்கள் வீட்டில் இல்லை.

அதற்கடுத்த வாரம் அவள் ஒரு கல்யாணத்துக்காக அம்மா வீட்டுக்குப் போனாள். போன மறுநாள் காலையே தட்டு வாய் திறந்தது. முதலில் செயற்கைக்கோளின் அடையாள ஒலி, கீச்சென்று. பிறகு யாரோ ஒரு மனிதர் இத்தாலிய வாடையுள்ள ஆங்கிலத்தில் யாரையோ கூப்பிட்டார். நான் மாடியில் தனியாக நின்று கூத்தாடினேன். பதில் பேசத் தோன்றவில்லை, அதற்குள் போய்விட்டார். அந்த நிமிடமே இரும்புக் காலில் எல்லா இடத்திலும் ஆணியால் கோடு கிழித்து, தட்டு நிற்கும் நிலையைக் குறித்துவைத்தேன். இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது.

ஆனால் எனக்கு மேடை ஆசை வந்துவிட்டது. மனைவி திரும்பி வந்ததும் வெறும் அழுக்குத் தட்டை வைத்தா அற்புதம் காட்டுவது? நாமக்கல்லில் ஒரு லாரி பெயிண்டரை எனக்குத் தெரியும். புது லாரிகளின் முகப்பில் அவர் போடும் தாமரையைப் பார்ப்பதற்கென்றே ஓட்டுநர்கள் டீக்கடையில் வண்டியைத் திருப்பி நிறுத்துவார்கள். தட்டையும் காலையும் கழற்றி அவரிடம் அனுப்பிவிட்டேன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆண்டெனாத் தட்டுக்குப் பளபளப்பான பெயிண்ட் கூடாது, மங்கலாகத்தான் அடிக்கவேண்டும் என்று நான் படித்திருந்தேன். வருடத்தில் இரண்டு முறை, சில நாட்கள், சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அப்போது தட்டில் சூரியனின் இரைச்சல்தான் கேட்கும், பளபளத்த தட்டென்றால் பூதக்கண்ணாடிபோல வெயிலை மூக்கில் குவித்துவிடும் என்று எழுதியிருந்தது. அந்த வரிக்குப் பென்சிலால் அடிக்கோடும் போட்டிருந்தேன். ஒரு விஷயத்துக்கு அடிக்கோடு போட்டதோடு தன் கடமை முடிந்துவிட்டது என்று நினைக்கிற இனத்தைச் சேர்ந்தவன் நான்.

மனைவி வந்தாள். மாடியில் தட்டைக் காணோம்.

"எடைக்குப் போட்டுட்டீங்களா?" என்றாள், சந்தோஷத்தை முழுதாக மறைக்காமல்.

"பெயிண்டுக்குப் போயிருக்குது. நீ போன மறுநாளே பேசிருச்சு. இத்தாலிக்காரர் ஒருத்தர்."

"ஓ. நா ஊட்டுல இல்லாதப்ப."

"ஆமா."

"வேற ஆராச்சும் கேட்டாங்களா?"

"இல்லை."

"சரிங்க" என்றாள். என் தொழிலில் பொய் சொல்லும் ஓட்டுநரிடம் நான் சொல்லும் அதே "சரிங்க". எனக்குக் காது சுட்டது.

பெயிண்டர் தட்டை மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். போர்வையை நீக்கினார். வெள்ளி. அதன்மேல் வார்னிஷ், அதன்மேல் இன்னொரு வார்னிஷ். அதில் என் முகம் தலைகீழாகத் தெரிந்தது; பின்னால் மலையும் தலைகீழாகத் தெரிந்தது. ஓரம் முழுக்கச் சிவப்பு, மஞ்சள், பச்சையில் கொடி ஓடியது. முதுகுப்பக்கம் நாக்கை நீட்டிய திருஷ்டி முகம் ஒன்று.

"முப்பது வருசத்துல இந்த மாதர மினுக்கு நா எந்த வண்டிக்கும் குடுத்ததில்லீங்க" என்றார். "மேல இருக்கறவன் பாத்தான்னா கண்ணு கூசோணும்."

"காலில் கோடு கிழித்து வைத்திருந்தேனே?" என்றேன்.

"அதுங்களா? அசிங்கமா கீறல் கீறலா இருந்துச்சுங்க. பட்டி மாவு பூசி அடச்சுட்டேன்."

ஆகவே மறுபடியும் நூல்முனை ஆராய்ச்சி. பங்குனி பிறந்துவிட்டது. சமையலறையில் ஜவ்வரிசி ஊறுவதைப் பார்த்தேன். நாளைக் காலை ஊற்றப்போகிறாள் என்று அர்த்தம். அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பாட்டுக்கு முன், பெரும்பாடுபட்டு, அடையாள ஒலியைப் பிடித்துவிட்டேன். பிடித்ததும் மச்சினனுக்கு போன் போட்டேன். மனைவியின் தம்பி, கோழிப்பண்ணை வைத்திருப்பவன். சாட்சி இல்லாத அற்புதம் செல்லாது என்று எனக்குப் பாடம் ஆகியிருந்தது.

"வாரேன் மாமா. ஆனா சும்மா எப்ப வேணாலும் போடக்கூடாது. இருங்க, காலண்டரப் பாக்கறேன்." தாள் சரசரத்தது. "மூணரைலிருந்து நாலரைக்குள்ள நல்ல நேரம். நாலரைக்கு மேல ராகு காலம். நா வந்துட்டுத்தான் நீங்க தொடங்கோணும்."

நான் அறிவியலைப் பயின்றவன். அதனால், "அதெல்லாம் எதுக்குப்பா" என்று சிரித்துவிட்டு, அந்த நேரத்தையே ஒப்புக்கொண்டேன்.

மூன்றரைக்கு வரவேண்டியவன் நான்கு மணி தாண்டி வந்தான். பண்ணைக்குத் தீவன லாரி வந்துவிட்டதாம். கூடவே அவன் மனைவியும் வந்தாள். தன் கைவேலை அரங்கேறுவதைப் பார்க்கப் பெயிண்டரும் வந்திருந்தார். என் மனைவி சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சுவரோர நிழலில், பரீட்சை அறைக் கண்காணிப்பாளர் மாதிரி உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் மாமா, ராகு வந்துரும்" என்றான் மச்சினன்.

ஒலிபெருக்கியைத் திறந்தேன். சரசரவென்று இரைச்சல். அளவுமானியின் முள் மதியம் இருந்த இடத்தைவிட மேலே நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஏறியது. அந்த முள் அவ்வளவு உயரத்துக்குப் போய் நான் பார்த்ததே இல்லை.

"பாருங்க!" என்று கத்தினேன். "சிக்னல் எப்படி ஏறுதுன்னு பாருங்க! யாரோ பெரிய பவர்ல வர்றாங்க. கை தட்டுங்க!"

தட்டினார்கள். "பெயிண்டுனாலதானுங்க" என்றார் பெயிண்டர், அடக்கமாக. இரைச்சல் ஏற ஏற, மதியம் கேட்ட கீச்சொலிகூட அதற்குள் மூழ்கிவிட்டது. நான் அதைக் கவனித்தேன். கவனித்து, ஒரு விளக்கமும் கண்டுபிடித்தேன்: பெரிய குரல் வரும்போது சின்னக் குரல் அடங்குவது இயற்கைதானே.

"தோசக்கல்லுல தண்ணி தெளிச்ச சத்தமாட்ட இருக்குதுங்க" என்றாள் மனைவி. "மனுசன் எங்கீங்க?"

"வருவார். கொஞ்சம் பொறு."

எல்லோரும் தட்டின் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். திருப்பிய வேகத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். தட்டு முழுவதும் ஒரே வெள்ளை வெளிச்சம். "மேல இருக்கறவன் கண்ணு கூசோணும்னீங்களே" என்று மச்சினன் பெயிண்டரிடம் சொன்னான், "கீழ இருக்கறவனுக்கே கூசுதுங்கோவ்."

மனைவி மூக்கை உறிஞ்சினாள். "என்னமோ தீயுதுங்க."

"அடுப்புல எதாச்சும் வெச்சிருப்பே. போய்ப் பாரு."

அவள் இறங்கிப் போனாள். நான் ஒலியை இன்னும் கூட்டினேன். பெயிண்டர் கைகட்டி நின்றார். மச்சினன் கைபேசியில் நேரம் பார்த்தான். அவள் மேலே வந்தாள். "அடுப்பு அணைஞ்சுதானுங்க இருக்குது. உங்க கொடையோட மூக்குதான் ஒழுகுது."

ஒழுகத்தான் செய்தது. எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடி முதலில் வியர்த்தது, பிறகு சரிந்தது, பிறகு ஒரு நீண்ட சொட்டாகக் கீழே வந்து வெள்ளித் தட்டின் கீழோரத்தில் விழுந்தது. நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன், விரல் சுட்டது. அப்போதுதான் தலையைத் திருப்பி, என் தட்டு பார்த்துக்கொண்டிருந்த திசையில் நானும் பார்த்தேன். மேற்கே, சரியாக அந்த இடத்தில், சூரியன். அந்தக் கணத்தில் என் மனக்கண்ணில் தெரிந்தது அண்டவெளியல்ல. பென்சில் அடிக்கோடு.

இரைச்சல் நின்றது. மச்சினன் கைபேசியைப் பார்த்து, "இன்னும் நாலரை ஆவுலியே" என்றான், உண்மையான வருத்தத்தோடு. பெயிண்டர் தட்டின் பின்பக்கம் போய்த் திருஷ்டி முகத்தைப் பரிசோதித்தார். "இன்னுங் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கோணுமுங்க. இது தாங்குல."

நான் வாய் திறந்தேன். நான் ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன், சூரியன் குறுக்கே வந்துவிட்டது என்று சொல்லத்தான் வந்தது. சொல்லவில்லை. அவ்வளவு தொழில் அனுபவமாவது மிச்சமிருந்தது.

ஒப்பந்தப்படி தட்டு தோற்றுவிட்டது. அன்று மாலையே அதைக் கழற்றி மாடியில் மல்லாத்திப் போட்டேன். பாய்க்குச் சொல்லியனுப்பினேன், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருவதாகச் சொன்னார். மறுநாள் காலை மனைவி வத்தல் ஊற்றினாள். மேற்குப் பாதியில் தட்டு இன்னும் கிடந்ததால் இடம் போதவில்லை. மிஞ்சிய கூழைக் கொட்ட மனமில்லாமல், தட்டுக்குள் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் ஊற்றிவிட்டாள்.

மதியம் சாப்பிடக் கூப்பிடாமல் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போனேன். மற்ற துணிகளில் வத்தல் இன்னும் பிசுபிசுத்தது. தட்டிலிருந்தவை உரிந்து வந்தன. கடித்தால் சத்தம் கேட்டது. அவள் ஒன்றை ஒடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். பிறகு தட்டை, முதல் தடவையாக, அன்போடு பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பாய் வந்தபோது வாசலிலேயே சொல்லிவிட்டாள். "அது விக்கறதுக்கில்லீங்க."

"சார்தான் சொல்லியனுப்பினாரும்மா" என்றார் பாய்.

"அவருக்கென்னுங்க தெரியும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் பை நிறைய வத்தலோடு திரும்பிப் போனார்.

இவ்வாறாகத் தட்டு வீட்டில் தங்கியது. ஆனால் உடைமை மாறிவிட்டது. அதைத் திரும்பவும் மேற்கே பார்த்து நிமிர்த்த நான் அனுமதி கேட்கவேண்டியிருந்தது. சித்திரை முழுக்க அது மல்லாந்தே கிடந்தது; அக்கம்பக்கத்துக் கூழ் எல்லாம் அதில் காய்ந்தது. வைகாசியில் அனுமதி கிடைத்தது, பழைய நிபந்தனையோடு: ஒரு மனுசன் குரல், அவள் காதில். அது கேட்டால் அடுத்த பங்குனி வரை தட்டு என்னுடையது. கேட்காவிட்டால் நிரந்தரமாக அவளுடையது. புது எல்.என்.பி. வாங்கினேன். பளபளப்பை மங்கடிக்கச் சொல்லிப் பெயிண்டரைக் கேட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்தார். "மினுக்கத்தானுங்க எனக்குத் தெரியும். மங்கடிக்கறதுன்னா வேற ஆளப் பாருங்க சாமி. பேரு கெட்டுப்போயிரும்." உப்புத்தாள் வாங்கி நானே தேய்த்தேன். இரண்டு நாள் தோளைத் தூக்க முடியவில்லை. கொடியையும் திருஷ்டி முகத்தையும் மட்டும் தொடவில்லை.

இந்த முறை யாரையும் அழைக்கவில்லை. காலண்டரைப் பார்க்கவில்லை, சூரியன் எங்கே என்று மட்டும் பார்த்தேன். மனைவி துணி எடுக்க வந்தவள் நின்றாள். நான் மைக்கைப் பிடித்து, உரிமத்தோடு கிடைத்த என் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டாவது முறை கூப்பிட்டதும், இரைச்சலுக்கு உள்ளிருந்து, கிணற்றுக்குள் நின்று பேசுகிற மாதிரி, ஒரு மனிதக் குரல் என் அழைப்புக்குறியைத் திருப்பிச் சொன்னது. கென்யாவில் ஒரு பல் மருத்துவர். மதிய இடைவேளையாம். நாங்கள் ஆங்கிலத்தில் பேசினோம். ஆப்பிரிக்காவுக்கு மேலே போய், திரும்பிக் கீழே வந்து, திருச்செங்கோட்டில் காயும் சேலைகளுக்கு நடுவே ஒரு மனிதன் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. வணக்கம் சொல்லி முடித்துக்கொண்டதும், கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்தேன்.

மனைவி துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டாள். "மனுசன்தானுங்க. ஒத்துக்கறேன். என்ன சொன்னாரு?"

"என் குரல் நல்லாக் கேக்குதாம்."

"பொறவு?"

"என்ன ஆண்டெனான்னு கேட்டார். ஆறடித் தட்டுன்னேன்."

"பொறவு?"

"அவருது நாலடியாம்."

"அவ்வளவுதானுங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். இன்னொன்றும் இருந்தது. "அங்க நல்ல வெயிலாம்."

அவள் கடைசிச் சேலையை உருவிக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

"அதே வெயிலுதானுங்க. பங்குனில நம்மூட்டு மாடிக்கே வந்து நின்னுச்சு. அப்பவே விசாரிச்சிருந்தீங்கன்னா மூக்கும் மிஞ்சியிருக்கும்."